மூன்று ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்குக் கிடங்கில் நாலு லாரி ராஸ்பெர்ரி இறங்கியது. நகக்கண்ணில் சிவப்பு ஏறிவிட்டது, இனி ஆகஸ்ட் வரைக்கும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

மத்தியானம் முதலாளி ஸ்வெத்திஸ்லாவ் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் காபி, ஒரு ஃபைல், பக்கத்தில் தொப்பையைத் தடவிக்கொண்டு ஒரு ஆள். முதலுதவிப் பயிற்சி கொடுக்கும் ஏஜென்சிக்காரராம்.

"ரதோய்கா, ரெண்டாம் ஷிஃப்டுல முதலுதவிக்கு உன் பேரைப் போட்டிருக்கேன். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு கையெழுத்துப் போடு."

"பயிற்சி எப்போ?"

"அதான் நடந்துக்கிட்டு இருக்கே" என்று அந்த ஆள் சிரித்தார். "ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்தவளுக்கு நான் என்னத்தக் கத்துக் குடுக்கப் போறேன்?"

காகிதத்தில் எட்டு மணி நேரம் என்று இருந்தது. நான் உட்கார்ந்தது நாலு நிமிஷம், அதிலும் பாதி நேரம் காபி ஆறட்டும் என்று. கீழே பழம் தரம் பிரிக்கும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஷிஃப்ட் பொறுப்பாளி நான் இல்லாமல் என் ஆட்கள் தனியாக நின்றார்கள். போட்டுவிட்டு வந்தேன். இங்கே யார்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஜூன் 11, புதன்

குளிர்பதன அறைக்கு வெளியே சுவரில் பச்சைத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். "முதலுதவிப் பொறுப்பாளர்" என்று போட்டு என் பெயர், பக்கத்தில் என் போட்டோ. அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, திருடி மாதிரி இருக்கிறேன்.

நாள் முழுக்கக் கிண்டல். "டாக்டரம்மா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு." "டாக்டரம்மா, என் மாமியாருக்கு வாயை மூட ஏதாவது மாத்திரை இருக்கா?" ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செதோமிர் வண்டியை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்: "அக்கா, மனசு உடைஞ்சு போச்சு, ஒரு கட்டுப் போட்டு விடுங்க." முப்பது வயசாகிறது, இன்னும் வால் முளைத்த குரங்கு.

பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், சுவரில் என் பெயர் ஏறியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 27, வெள்ளி, காலை

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வெளியே முப்பத்தாறு டிகிரி, குளிரறைக்குள்ளே மைனஸ் இருபது. ஓபரென் அண்ணன் பெட்டிகளோடு உள்ளுக்கும் வெளிக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, உட்காரச் சொன்னால் கோபம் வரும் மனுஷர். திடீரென்று ஒரு பெட்டி விழுந்த சத்தம். திரும்பினால் பெட்டியோடு அவரும் தரையில், பழமெல்லாம் சிதறி, முதலில் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன்.

"ரதோய்கா! நீதானே பொறுப்பு! வா!"

ஓடினேன். மூச்சு இருந்தது. கண் மேலே செருகிப் போயிருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பதினைந்து பேர் என் வாயையே பார்க்கிறார்கள். "சர்க்கரைத் தண்ணி கொண்டாங்க!" என்றேன். வேறென்ன சொல்வேன்? பரீட்சையில் பிள்ளை தவறினாலும், கல்லறைத் தோட்டத்தில் யாராவது மயங்கினாலும், எங்கள் வீடுகளில் முதலில் கலக்குவது அதைத்தானே.

முதல் ஸ்பூன் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. இரண்டாவதற்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். இருமினார். "உசுரு வந்துடுச்சு, உசுரு வந்துடுச்சு" என்று எல்லோரும் கத்தினார்கள். மூன்றாவதையும் ஊற்றினேன். யாரோ மணிக்கட்டில் ரக்கியா தேய்த்தார்கள், சாராய நாற்றத்தில் எனக்கே தலை சுற்றியது. உதடு நீலமாகி, ஒரு மாதிரி களகளவென்று மூச்சு விட்டு, அப்புறம் கண்ணைத் திறந்தார். கைதட்டினார்கள்!

ஆம்புலன்ஸுக்குச் சொன்னது செதோமிர். வந்தவர்கள் இதயத்துடிப்பு நின்று நின்று ஓடுகிறது என்று உஷித்செ நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார்கள், இல்லை என்றோம். சர்க்கரைத் தண்ணீரை மருந்தென்று யார் சொல்வார்கள்?

ஜூன் 28, சனி

ஓபரென் அண்ணனை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி மிலுங்கா என் வீட்டுக்கு வந்தாள். அவளும் எங்கள் கிடங்குதான், காலை ஷிஃப்ட். அரைக்கிலோ காபிப்பொடியும் ஒரு பெட்டி ரத்லுக் மிட்டாயும் மேசையில் வைத்து, மூன்று முத்தம் கொடுத்து அழுதாள்.

"உன் கை ராசியான கை, ரதோய்கா. நீ இல்லேன்னா என் புருஷன்—" என்று ஏதோ சொல்ல வந்து முடிக்க முடியாமல் என் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் இருமுகிறாராம், அவ்வளவுதானாம்.

ஜூன் 30, திங்கள்

ஓபரென் அண்ணனுக்குக் காய்ச்சல் நாற்பது. நேற்றே திரும்பவும் ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டிக்கொண்டதாம், இரண்டு பக்கமும்.

கிடங்கில் ஒரே பேச்சு: குறுக்குக்காற்று. வியர்த்த உடம்பில் எதிரெதிர் கதவுக் காற்று பட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்பார்கள் எங்கள் ஊரில். அவர் விழுந்தபோது குளிரறைக் கதவும் லாரிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன, நடுவில் வியர்த்த உடம்போடு அவர். திறந்து போட்டது செதோமிர். வண்டியில் பலகை மாட்டிக்கொண்டது, இறங்கி எடுக்கப் போனேன் என்கிறான்.

"மாட்டினா கதவை மூடிட்டு இறங்க வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டேன்.

ஜூலை 2, புதன்

செதோமிரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெட்டி கழுவப் போட்டிருக்கிறார் முதலாளி. சாப்பாட்டு நேரத்தில் அவன் உட்கார்ந்ததும் மேசையில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "ஜன்னல் பக்கம் உக்காருப்பா, உனக்குத்தான் காத்து பிடிக்குமே."

ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் மிலுங்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் செத்தா உன் வீட்டு வாசல்லதான் கொண்டாந்து கிடத்துவேன்டா! உன் புள்ள அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும்!" அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஓபரென் அண்ணனுக்கு மூச்சுவிட மெஷின் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

திங்கள்கிழமை வேலைப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வருகிறார். முதலாளிக்கு இப்போதுதான் வியர்க்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியை வரவழைத்து அவசர அவசரமாகப் பயிற்சி. "நீயும் உக்காரு. கேட்டா இது ரெண்டாவது தடவைன்னு சொல்லு. சும்மா ஒரு ஞாபகப்படுத்தல், அவ்வளவுதான்."

ஜூலை 5, சனி

எங்கே ஆரம்பிப்பது.

கேன்டீனில் பன்னிரண்டு பேர். நர்ஸ் தெசாங்கா குட்டையான பெண், குரல் மட்டும் சந்தைக்காரி குரல். வந்ததும் ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்துவிட்டாள். ஒரே கூச்சல். "அய்யோ சிஸ்டர், குறுக்குக்காத்து! எங்களுக்குக் கழுத்துப் பிடிச்சுக்கும்!"

"முப்பது வருஷமா நர்ஸ் வேலை பார்க்கறேன். காத்து அடிச்சுச் செத்தவன் ஒருத்தனையும் பார்க்கல. காத்து இல்லாமச் செத்தவங்களத்தான் பார்த்திருக்கேன். உக்காருங்க."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்புறம் கேட்டாள்: "ஒருத்தர் மயங்கிக் கிடக்கறார். மூச்சு இருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல. முதல்ல என்ன செய்வீங்க?"

"சர்க்கரைத் தண்ணி!" பன்னிரண்டு வாயும் ஒரே வாயாக. இல்லை, பதினொன்று. செதோமிர் சொல்லவில்லை.

அவள் திட்டவில்லை. பையிலிருந்து பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் தலை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே தொண்டை தெரிந்தது, ஒரு குழாய் வயிற்றுக்கு, ஒரு குழாய் கீழே தொங்கும் இரண்டு பைகளுக்கு. ஒரு டம்ளர் தண்ணீரில் நீலமையைக் கலந்தாள். "முழிச்சிருக்கறவன் விழுங்கும்போது நுரையீரல் வழி தானா மூடிக்கும். மயங்கினவனுக்கு மூடாது." ஸ்பூனால் ஒன்று ஊற்றினாள். நீலம் நேராகப் போய் அந்தப் பைக்குள் சொட்டியது. இன்னொன்று ஊற்றினாள்.

"ஊத்தும்போது இருமினா?" நான்தான் கேட்டேன். என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது.

"இருமினா, தப்பான வழியில போயிடுச்சு, வெளிய தள்ளப் பார்க்குதுன்னு அர்த்தம்."

"அப்புறம்... காய்ச்சல் எப்ப வரும்?"

"ரெண்டு மூணு நாள்ல. நுரையீரல் வெந்து போகும். அதான் சொல்றேன், அப்படி ஏதாவது நடந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. என்ன உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்." அவளுக்கு எங்கள் கதை தெரியாது. ஓபரென் அண்ணன் இருப்பது வேறு வார்டு.

வியாழன். வெள்ளி, சனி, ஞாயிறு. விரலை மடக்கி எண்ணினேன்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயங்கரம். பார்த்தவன் செதோமிர் மட்டும். கோபமாகவெல்லாம் பார்க்கவில்லை. காத்திருக்கிற மாதிரி பார்த்தான்.

பொம்மையை எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள், செய்தேன். நன்றாகச் செய்கிறாய் என்றாள்.

கேட்டில் அவன் நின்றிருந்தான். "அக்கா, நீங்களாவே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றான். "நான் சொன்னா, பழியை அடுத்தவ தலையில கட்டறான்னுதான் சொல்லுவாங்க." அவ்வளவுதான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வித்தோமிரிடம் சொன்னேன். தோட்டத்தில் தக்காளிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். கயிறு கையிலேயே நின்றுவிட்டது.

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"அப்ப நீ ஏன் சொல்லணும்? நல்லது நினைச்சுத்தானே செஞ்சே. ஜெயில்ல போடுவாங்கடி. வாயை மூடிக்கிட்டு இரு."

டாக்டருக்கு இந்நேரம் தானாகவே தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும். இவ்வளவு படித்தவர்கள். தெரிந்திருக்கும்தானே? — தெரியாமல் இருந்தால்? இன்றைக்கு ஒரு நாள் போய்விட்டது. என் ஒரு நாள் இல்லை, அவருடைய ஒரு நாள்.

ரத்லுக் பெட்டி அலமாரியில் இருந்தது. பன்றிக்குப் போட்டுவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

சொன்னேன் பொய்.

இன்ஸ்பெக்டர் இளைஞர், மெதுவாகப் பேசுகிறார். முதலாளி பக்கத்து நாற்காலியில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜூன் ஒன்பதாம் தேதி எட்டு மணி நேரப் பயிற்சி எடுத்தீங்களா?" "எடுத்தேன்." "விழுந்தவருக்கு என்ன செஞ்சீங்க?" "தலையை மடியில வெச்சுக்கிட்டேன்." "வேற?" "வேற ஒண்ணும் இல்ல." "கதவு திறந்திருந்ததா?" "திறந்திருந்தது."

எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

வெளியே வந்தால் செதோமிர் ரப்பர் பூட்ஸோடு பெட்டி கழுவிக்கொண்டிருக்கிறான். நிமிரக்கூட இல்லை. சீ, நான் என்ன ஜென்மம்!

ஜூலை 8, செவ்வாய்

ஷிஃப்டுக்குப் போகவில்லை. காலை முதல் பஸ்ஸில் உஷித்செ.

மிலுங்கா வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள், மடியில் துவைத்த பைஜாமா வைத்த பிளாஸ்டிக் பை. மெஷினில் இருப்பவருக்கு பைஜாமா எதற்கு? தினமும் கொண்டுவருகிறாளாம். என்னைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சொன்னேன். கதவு இல்லை, காற்று இல்லை, நான் என்று சொன்னேன். பயிற்சியே நடக்கவில்லை, கையெழுத்துதான் போட்டேன் என்றும் சொன்னேன்.

பையின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"எத்தனை ஸ்பூன்?"

"மூணு."

"இருமினாரா?"

"இருமினார்."

"எத்தனாவதுல?"

"ரெண்டாவதுல."

"இருமினதுக்கப்புறமும் ஊத்தினே."

கேள்வியாகக் கேட்கவில்லை. நான் ஆமா என்றேன். மன்னிச்சுக்கோ என்ற சொல் வாயில் வரவேயில்லை, வந்திருந்தால் அவள் அறைந்திருப்பாள். எழுந்து போய் வார்டுக் கதவைத் தட்டினாள். டாக்டர் வந்ததும் என்னைக் காட்டி, "இவ சொல்றதைக் கேளுங்க" என்றாள்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். சர்க்கரை என்பது தெரியவில்லையாம். எப்போது, எவ்வளவு, தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்தை மாற்றுவதாகச் சொன்னார். "பத்து நாளா எங்க இருந்தீங்க?" என்றார். பதில் எதிர்பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேராக இன்ஸ்பெக்டர் ஆபீஸ். நேற்றுச் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 9, புதன்

வித்தோமிர் என்னோடு பேசவில்லை. பால் கறந்து, காபி போட்டு, என் கோப்பையையும் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

ஏஜென்சிமேல் வழக்கு, முதலாளிமேல் வழக்கு, என்மேல் பொய் வாக்குமூலத்துக்கு எச்சரிக்கை. சீசன் நடுவில் மூன்று நாள் கிடங்கை மூடிவிட்டார்கள். பழம் பறித்து வைத்திருப்பவர்கள் எல்லாம் என்னைத்தான் சபிக்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது.

முதலாளி போனில்: "உன்னை நம்பிச் சுவர்ல ஒட்டினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்." ஷிஃப்ட் பொறுப்பு போய்விட்டது. பெல்ட்டில் கடைசி ஆளாக நிற்கலாம், இஷ்டம் இருந்தால். இஷ்டம் இருக்கிறது. வேறு எங்கே போவேன்?

ஜூலை 15, செவ்வாய்

செதோமிர் மறுபடி ஃபோர்க்லிஃப்டில். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர்களே இன்றைக்கு அவனுக்கு இடம் போட்டுக் கூப்பிட்டார்கள், அவன் வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். நான் போய் நின்றேன். "கேட்டுல நான் காத்துக்கிட்டு நின்ன அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான். "என் மகன்கிட்ட நாலு பேரு கேட்டுட்டாங்க, உங்கப்பன் ஆளைக் கொன்னுட்டானாமேன்னு." அவன் சொன்னது நியாயம். நான் அழுதேன், அவனைச் சமாதானம் சொல்ல வைக்கவா அழுதேன் என்று அப்புறம் என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மெஷினை எடுத்துவிட்டார்களாம். தானாக மூச்சு விடுகிறாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை, பெல்ட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கையில் இருந்த பழத்தை நசுக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஓபரென் அண்ணன் வீடு வந்துவிட்டார். பன்னிரண்டு கிலோ இளைத்துவிட்டாராம். மாடிப்படி ஏற முடியாதாம், கீழ் அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். பெட்டி தூக்கும் வேலைக்கு இனிமேல் வரவே முடியாது.

அவர்கள் தெருமுனை வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி முழுப் பயிற்சி, இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து, அதே நர்ஸ் தெசாங்கா. எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம், காபிக்குப் பதினைந்து நிமிஷம்தான் விட்டாள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஆனால் யாரும் மூடச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னாள். ஒருவர் மயங்கியவர், ஒருவர் உதவுபவர். நாற்காலிகள் இழுபட்டன, நிமிஷத்தில் எல்லோருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. நான் சுவரோரம் நின்றேன். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? யார் என் கையில் படுப்பார்கள்? நர்ஸ் பொம்மையை எனக்காக இழுத்துக்கொண்டு வந்தாள்.

எதிர் மூலையிலிருந்து மிலுங்கா எழுந்தாள். ஜோடியாக இருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு நேராக வந்தாள். பத்து வாரமாக என் முகத்தைப் பார்க்காதவள். பொம்மையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"செய்" என்றாள்.

"மிலுங்கா, நான்—"

"மயங்கிக் கிடக்கறவகிட்ட என்ன பேச்சு? செய்."

மண்டியிட்டேன். மொத்தக் கேன்டீனும் பார்த்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினேன். தலையை மெல்லச் சாய்த்து, காதை அவள் மூக்கருகே கொண்டுபோய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து எண்ணினேன். 'நீ, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு' என்று பக்கத்தில் நின்றவளைக் கை காட்டினேன். ஒரு கையை மேலே மடக்கி, மறு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முழங்காலைத் தூக்கி என் பக்கம் உருட்டினேன். தாடையை நிமிர்த்தி, வாய் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும்படி வைத்தேன்.

நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள்.

மிலுங்கா கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்துக்கு அடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மூடிய இமைக்குக் கீழே இருந்து தண்ணீர் மூக்கின் மேலாக வழிந்து பாயில் இறங்கியது. பிறகு புரண்டு மறுபடி மல்லாந்து படுத்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.